முட்டிக்கு நேரே நீல நூல்

இன்று காலை மழை விட்டதும், தண்ணீரில் இறங்கப் பழைய சுடிதார் ஏதாவது கிடைக்குமா என்று பீரோவின் அடித்தட்டைக் கிளறினேன். அந்துருண்டை வாசத்தோடு அந்தப் பழுப்பு பேண்ட் கையில் வந்தது. வலது முட்டிக்கு நேரே, சுற்றிலும் நீ தைத்த நீல நூல். அப்படியே கட்டிலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். நீ இருந்திருந்தால், "ஆரம்பிச்சிட்டாடா மகராசி" என்று கத்தியிருப்பாய்.

விஷயம் இதுதான். மழைத் தண்ணீருக்கு இடம் விட்டு நாம் போட்ட ஊர்த் திட்டத்தை இப்போது சேதராப்பட்டுவரை நீட்டுகிறார்கள். நாளை அங்கே தண்ணீர் அளக்க நான்தான் போக வேண்டும். என் தம்பி அங்கே மனை வாங்கிப் போட்டிருக்கிறான். நேற்று போன் செய்து, "அக்கா, கோட்ட மட்டும் கொஞ்சம் பாத்துப் போடு" என்றான். பாவம், ஆசையாக வாங்கியவன். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

அந்த நூலின் கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நகரமைப்பு அலுவலகத்தில் நாம் இருவரும் வரைபடம் போடுகிறவர்கள். மழை முன்னைப்போல் இல்லை, மாதக்கணக்கில் பெய்ய வேண்டியது ஒரே நாளில் கொட்டுகிறது, கடலும் ஏறி வருகிறது, அதற்கெல்லாம் இடம் விட்டு ஊருக்குத் திட்டம் போடுங்கள் என்று உத்தரவு வந்தது. நம்மிடம் இருந்த வரைபடங்களிலோ ரோடும் மனையும்தான். "ரோட்டுக்கு அகலம் போட்டு வெச்சிருக்கோம். தண்ணி எங்கடி நிக்கும், நம்ம தலையிலயா?" என்றாய்.

மழை பெய்த மறுநாளெல்லாம் கிளம்பினோம். நெல்லித்தோப்பில் வீடுவீடாகப் போய், தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டோம். ஜனங்கள் அடிக்கணக்கிலா சொல்வார்கள்? "முட்டிக்கு வந்துச்சும்மா" என்பார்கள். நாமும் முட்டி என்றே எழுதிக்கொண்டோம். வரைந்து பார்த்தால், ஒரே தெருவில் தண்ணீர் மேடும் பள்ளமுமாக நின்றது! அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. ஒரு முட்டி ஆறடி லாரி டிரைவருடையது, அடுத்தது பூக்கட்டும் அம்மாவுடையது. மேலதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். உனக்கு மானம் போய்விட்டது. மறுநாளே என்னை நிற்க வைத்து அளந்து நூல் போட்டாய். "இனிமே இந்தக் குள்ளச்சி முட்டிதான் ஊருக்கே முட்டி. யாரா இருந்தாலும் இவ கால்ல கைய வெச்சிக் காட்டட்டும்." அன்றிலிருந்து ஊரே என் காலைத் தொட்டுத்தான் தண்ணீரைக் காட்டியது.

நோணாங்குப்பம் போகும்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. உப்பங்கழியை ஒட்டி, நீயும் உன் வீட்டுக்காரரும் வாங்கிய மனை அங்கே இருந்தது. சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் வரும் என்றுகூட மதியச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு வரைந்து காட்டியிருக்கிறாய். அக்கம்பக்கத்தார் எல்லோரும் நூலுக்கு மேலேயே கையை வைத்தார்கள். நூல்வரையோ அதற்கு மேலோ தண்ணீர் நிற்கும் காலி நிலத்துக்கு நீலம் தீட்டுவது நம் முறை. நீலத்துக்குள் வந்தால் அந்த நிலம் தண்ணீருக்குத்தான், வீடு கட்ட முடியாது.

எனக்கு மனசு கேட்கவில்லை. நீ இல்லாத நேரம் பார்த்து, நீலக் கோட்டை மயிரிழை தள்ளிப் போட்டேன். உன் மனை தப்பித்தது. நீ கண்டுபிடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"யாரு தள்ளுனது இந்தக் கோட்ட?"

"உனக்காகத்தான். ஒரு மனைதானே, யாருக்குத் தெரியப் போவுது?"

"தண்ணிக்குத் தெரியும்டி. கோட்டத் தள்ளிட்டா அதுவும் தள்ளிப் பூடுமா? பக்கத்து மனைக்காரனுக்கு ஒரு ஞாயம், எனக்கு ஒரு ஞாயமா?"

அழித்துவிட்டு, உன் மனைமேல் நீயே நீலம் தீட்டினாய். பென்சில் முனை இரண்டு முறை ஒடிந்தது. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் பேக்கரி ரொட்டியைப் பிய்த்து, பாதியை என் மேஜையில் வைத்து, "தின்னுத் தொல" என்றாய். அவ்வளவு ருசியாக நான் எதையும் தின்றதில்லை.

வீடு கட்டாமலே நீ போய்விட்டாய். கல்லறையில் உனக்குப் பூ வைத்துவிட்டுத் திரும்பும்போது உன் வீட்டுக்காரர், "ஒரு ஜன்னலாவது வெச்சிப் பாத்துருக்கலாம்மா அவ" என்றார். கோட்டை இன்னும் சாமர்த்தியமாகத் தள்ளியிருக்கக் கூடாதா என்று என்னையே எத்தனையோ நாள் திட்டிக்கொண்டேன். உன்மேலும் கோபம்தான். இப்படியா ஒருத்தி பிடிவாதம் பிடிப்பாள்!

அதனால்தான் இன்று அந்த பேண்டை மாட்டிக்கொண்டு முதலில் உன் மனைக்குப் போனேன். நம் நீலம் திட்டத்தில் ஏறியபின் அங்கே யாரும் கட்டவில்லை. தெருத் தண்ணீர் வந்து சேர வாய்க்காலும் வெட்டியிருந்தார்கள். காலி மனைகள் எல்லாம் ஒரே குளமாகக் கிடந்தன. எதிர்த் தெரு, அன்று என் இடுப்பில் கைவைத்துக் காட்டிய தெரு. அங்கே ஒரு பெண் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வூட்டுக்குள்ள வந்துச்சாம்மா?" என்றேன்.

"இந்த வாட்டி வாசப்படியே ஏறல. எல்லாம் அந்தாண்ட போயி நின்னுகிச்சி."

உன் மனையில் இறங்கி, நீ சமையலறை வரைந்த இடத்தில் நின்று குனிந்து பார்த்தேன். தண்ணீர் சரியாக நீல நூலைத் தொட்டுக்கொண்டு நின்றது. உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அங்கிருந்தே தம்பிக்குப் போன் போட்டேன். "கோடு எங்க வருதோ அங்கதான். தண்ணிக்குத் தெரியும்டா" என்றேன். பட்டென்று வைத்துவிட்டான். எப்படியும் மூன்று நாள் பேசமாட்டான்.

நான்காம் நாள் ரொட்டி வாங்கிக்கொண்டு போகிறேன்.