காகம் தின்றது

பெப்ரவரி 9, திங்கள்

இன்று என் கணவரின் ஆண்டு நினைவு நாள். காலையில் மாதா கோவிலில் அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தேன். வீடு திரும்பியதும், நேற்றுச் செய்து உறையவைத்த விதைக்கட்டிகளைக் கிண்ணங்களிலிருந்து எடுத்து, நூல் கோத்துப் பால்கனியில் தொங்கவிட்டேன். சூரியகாந்தி விதையும் கச்சான் கடலையும் உருக்கிய மாட்டுக்கொழுப்பும் சேர்த்தவை. இந்தக் குளிரில் சின்னக் குருவிகளுக்குக் கொழுப்புத்தான் பலம் என்று இறைச்சிக்கடைக்காரர் சொல்லியிருந்தார்.

மத்தியானம் அவருடைய தங்கை தொலைபேசியில் அழைத்தாள்.

"மச்சாள், நீங்கள் வேதக்காரர்தான். எண்டாலும் அண்ணைக்காக ஒரு பிடி சோறு காகத்துக்கு வைச்சனீங்களோ?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு காகம் பால்கனிக் கம்பியில் வந்து அமர்ந்து, கட்டியைக் கொத்தத் தொடங்கியது.

"சாப்பிட்டுக்கொண்டு நிக்குது," என்றேன்.

"அண்ணை வந்திட்டார்." அவள் அழுதாள். "என்ன வைச்சனீங்கள்?"

"சோறும் பருப்பும்."

கன்னியர் மடத்தில் படித்தவள் நான். எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனால் அவர் மாட்டிறைச்சி தொடாதவர். அவர் இருந்தவரை நான் அதை அடுப்பில் ஏற்றியதில்லை. அவர் கேட்டு அல்ல, நானாகவே. நேற்றுத்தான் முதல் தடவை.

காகம் ஒரு கட்டி முழுவதையும் தின்றது. பறக்குமுன் கண்ணாடிக் கதவு வழியே என்னைப் பார்த்தது.

பின்னேரம் மிச்சக் கட்டிகளைக் கழற்றி எறிந்தேன். தேங்காயெண்ணெயில் புதிதாக ஒன்று செய்து, ஒரு பிடி சோறும் சேர்த்து, அதே இடத்தில் கட்டியிருக்கிறேன். காகங்கள் இருட்டில் வராது என்று எனக்குத் தெரியும். பால்கனி விளக்கை அணைக்கத்தான் மனம் வரவில்லை.