மூட்டையோடு வரும் முகம்

ஜூலை 14, செவ்வாய்.

சோமாலியாவிலிருந்து குந்திருக்கப் பிசின் மூட்டை வந்தது, மரப்பட்டையைக் கீறி வடிய விட்டு எடுக்கும் வாசனைப் பிசின். செம்பூர் வீட்டில் நான் வடிக்கும் அத்தருக்கு உயிரே அதுதான். மரத்தையும் அதைக் கீறியவரையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பினால்தான் மூட்டையை வாங்குவேன். மரத்தையோ ஆளையோ வதைக்கவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். எப்போதும் ஒரே மரம், ஒரே பெரியவர். அவர் சிரிப்பைத்தான் குப்பியில் ஒட்டி விற்கிறேன்.

இன்று இதுவரை வந்த ஐந்து படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். படத்துக்குப் படம் மரத்தில் கீறல் கூடுகிறது. கடைசிப் படத்தில் பட்டையே இல்லை. பெரியவர் மட்டும் மாறவேயில்லை, சட்டை மடிப்புகூட.

சரக்கு வரவழைத்துத் தரும் தாராவி அண்ணாச்சிக்கு ஃபோன் போட்டுப் பெரியவரைப் பற்றிக் கேட்டேன்.

"அவரு மலையிலேருந்து விழுந்து செத்து ரெண்டு வருசம் ஆச்சும்மா. நீதான் முகம் இல்லாம சரக்கு எடுக்க மாட்டேன்னுட்டியே. அதான் அவரு பழைய படத்தையே ஒட்டி அனுப்புதாவ."

"அப்போ இப்போ யார் கீறறா?"

அண்ணாச்சி ஃபோனை வைத்துவிட்டார்.

மூட்டையைப் பிரித்தேன். பிசின் இளகியிருந்தபோது யாரோ அழுத்திய பெருவிரல் தடம் ஒரு கட்டியில் இருந்தது. அதில் என் பெருவிரலை வைத்தேன். கொள்ளவில்லை. சுண்டுவிரலை வைத்தேன். சரியாக இருந்தது.