கண்ணாடிப் பெட்டிக்குள்ள உன் கேட்ரிட்ஜ்

தம்போய், ஜொகூர்.

அன்பு மகன் ரூபேந்திரனுக்கு அப்பா எழுதுறது. மாரியம்மா புண்ணியத்துல நான் இங்க நடமாடிக்கிட்டு இருக்கேன், முட்டிவலிதான் விடமாட்டேங்குது. பெர்த்துல நீயும் மருமகளும் நல்லா இருக்கணும். குளிர் ஆரம்பிச்சிருக்கும், கதகதப்பா போட்டுக்க. வாட்சப் இருக்கையில அப்பா ஏன் கடுதாசி எழுதுறாருன்னு நினைப்பே. உன் தங்கச்சி யோகேஸ்வரி சொல்லித்தான் எழுதுறேன்.

நீ படிவம் மூணு படிக்கையில வச்சிருந்தியே, ராக்கெட்ட ஓட்டி வானத்துலேர்ந்து எறங்குறதயெல்லாம் சுடுற கேம், தொலைஞ்சி போன அந்தக் கேட்ரிட்ஜ் இப்ப ஜேபி டவுன்ல ஒரு சின்ன மியூசியத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு. யோகேஸ் அத எடுக்கலப்பா. சோதனைக்குப் படிக்காம நீ அதையே கட்டிக்கிட்டு அழுதேன்னு நான்தான் கொண்டுபோயி ஒர்க்‌ஷாப்புல என் டூல் பெட்டி அடியில போட்டேன். சோதனை முடிஞ்சதும் குடுத்துடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ அவள அடிச்சி, உங்கம்மா அவள சாமி முன்னால நிக்கவச்சி, பத்து வயசுப் பிள்ள சூடம் அடிச்சி சத்தியம் பண்ணா. நான் பாத்துக்கிட்டே நின்னேன். அதுக்கப்புறம் எந்த மூஞ்ச வச்சிக்கிட்டுச் சொல்றது. உங்கம்மா கண்ண மூடுற வரைக்கும் அவளுக்கும் தெரியாது.

நான் வேலையிலிருந்து நின்னப்ப பெட்டியோட அதுவும் வீட்டுக்கு வந்துச்சு. போன வருசம் பழைய சாமான் கேட்டு மியூசியத்துக்காரர் ஒருத்தர் வந்தாரு, வீட்ட விட்டுத் தொலைஞ்சா சரின்னு தூக்கிக் குடுத்துட்டேன். புத்தி கெட்டவன், ஊரே பாக்குற எடத்துல வைக்கத்தான் வாங்கிட்டுப் போறாங்கன்னு தோணல. நீ பிளாஸ்டர் ஒட்டி உன் பேர எழுதினதக்கூட பிய்க்காம வச்சிருக்காங்க, கீழ அட்டையில அன்பளிப்பு சபாபதின்னு போட்டிருக்கு. போன வாரம் யோகேஸ் ஸ்கூல் பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு அங்கதான் போயிருக்கா.

நேரா இங்க வந்தா. சத்தம் போடல. அவ கல்யாணத்துல மாப்பிள்ள வீட்டுக்காரங்க முன்னால நீ அவள 'எங்க வீட்டுக் கள்ளி'ன்னு சொன்னதும், ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்றதும் விளையாட்டுக்குத்தான்னு அவளுக்கும் தெரியும். "அண்ணனுக்குத் தெரியாது, அதனால சொல்லிச்சு. நாப்பது வருசமா நீங்களும் சேர்ந்து சிரிச்சீங்களேப்பா"ன்னா. மன்னிச்சிடும்மான்னேன். அண்ணனுக்கு உங்க கைப்பட எழுதுங்கன்னு மட்டும் சொல்லிட்டு, எனக்குச் சோறாக்கி வச்சிட்டுப் போயிட்டா.

தப்பு முழுக்க என்னோடது, உன் மேல ஒன்னுமில்ல. இனிமே அவள அந்தப் பேரு சொல்லிக் கூப்பிடாத. கடுதாசி கெடச்ச அன்னிக்கே அவளுக்கு ஒரு போன் போடு, மறந்துடாத. பிரஷர் மாத்திரைய விடாம சாப்பிடு. நீங்க எல்லாரும் ஒரு கொறையும் இல்லாம இருக்கணும்னு அம்மனக் கும்பிட்டுக்கிறேன். இத நாளைக்கு யோகேஸ்தான் போஸ்ட்டாபீசுக்குக் கொண்டு போறா. உறைய நான் ஒட்டல.

உன் அப்பா,
சபாபதி