தெரிகிறது என்று சொன்ன விரல்கள்

மஞ்சக்குப்பம், கடலூர்.
ஆடி முதல் வெள்ளி.

அன்பு மகள் கயல்விழிக்கு அப்பா எழுதுவது. ஜெர்மனியில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கத் திருவந்திபுரம் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன், இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. போனிலேயே சொல்லலாம், ஆனால் உன் குரலைக் கேட்டுக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு முகமில்லை.

அம்மா கையில் கட்டைப் பார்த்து நீ வீடியோவில் கேட்டபோது பீரோ கதவில் நசுங்கியது என்று சொன்னாளே, அது பொய். நசுக்கியது நான்தான், நீ ஏற்பாடு செய்து கொடுத்த புது வலது கையால். ஆனித் தேருக்குச் சிதம்பரம் போயிருந்தோம், கீழ வீதியில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஊர் பார்க்க உன் அம்மாவைக் கை பிடித்து நடந்தவனில்லை நான். அன்றைக்கு என்னமோ ஒரு தெம்பு, மெஷின் கைதானே, யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டேன். அவள் நெளிந்தாள், கையை இழுத்தாள், ஏதோ சொன்னாள், மேளச் சத்தத்தில் காதில் விழவில்லை. இந்த வயதிலும் வெட்கப்படுகிறாளே என்று நினைத்து, சிரித்துக்கொண்டே இன்னும் இறுக்கினேன். சத்தம் கொஞ்சம் அடங்கிய பிறகுதான், வுடுங்க, எலும்பு நொறுங்குது என்று அவள் அழுவது கேட்டது. இரண்டு விரலில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது.

ரப்பர் விரலில் அழுத்தம் பட்டால் நரம்பைச் சுற்றி வைத்த கம்பி வழியாக உங்களுக்குத் தெரியுமே அப்பா என்று நீ கேட்பாய். அங்கேதான் பாப்பா என் யோக்கியதை இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து கையை மாட்டியதிலிருந்து, பவானி என்று சென்னை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண் ஒவ்வொரு விரலாக அழுத்தி, தெரியுதுங்களா ஐயா என்று கேட்கும். மடக்க நினைத்தால் விரல் மடங்கியது, அது நிஜம். அழுத்துவது மட்டும் தெரியவே இல்லை. நானோ, நல்லாத் தெரியுதும்மா என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். ஜெர்மனியில் இந்தக் கை செய்கிற ஆபீசில் வேலை பார்க்கிற பெண்ணின் அப்பா என்று சொல்லித்தானே என்னை டாக்டர்களுக்குக் காட்டினார்கள். அத்தனை பேர் ஆசையாகப் பார்த்து நிற்கும்போது இல்லை என்றால் உனக்குத் தலைகுனிவு என்று நினைத்தேன். விருந்துக்குப் போன வீட்டில் உப்பில்லாத சாம்பாரை நன்றாயிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொல்லிவிட்டேன். அதை நம்பித்தான் அவர்கள் அந்தக் கையின் பிடியை அமைத்திருக்கிறார்கள்.

முந்தாநாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு சென்னை ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தெரியலன்னு சொல்லியிருந்தா கரண்ட மாத்தி வச்சிருப்போமே ஐயா, அதுக்குத்தான கேக்கறோம் என்றது பவானி. அதற்குப் பதில் என்னை நாலு திட்டுத் திட்டியிருக்கலாம், கூசிப்போனேன். பிறகு மாற்றி வைத்து அழுத்தியபோது, கரும்பு மெஷினில் போன என் சுண்டு விரல் நிஜமாகவே தெரிந்தது பாப்பா. தெரியுது என்று வாய் நிறையச் சொன்னேன். அந்தப் பெண் ஒரு துணியால் என் கண்ணைக் கட்டி, இப்ப சொல்லுங்க ஐயா என்றது. சரியாகத்தான் சொன்னேன். ஆனால் என் வார்த்தைக்கு இனி அவ்வளவுதான் மதிப்பு.

நான் சொன்ன பதில்கள் உங்கள் ஆபீசுக்கும் வந்திருக்குமாம். அதை நம்பி இன்னொருவருக்குக் கை மாட்டிவிடாதபடி உன் மேலதிகாரியிடம் நீயே சொல்லிவிடு, மறந்துவிடாதே. அப்பா பொய் சொன்னார் என்றே சொல், மழுப்பாதே. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்கொண்டே சமைக்கிறாள். சென்னையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு வலப் பக்கம் ஜன்னலோரம் காலியாக இருந்தது, ஜன்னலோரம் என்றால் அவளுக்கு உயிர் என்பது உனக்கே தெரியும். என்னை அங்கே நகர்ந்து உட்காரச் சொல்லிவிட்டு, அவள் என் இடப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

நீங்கள் இருவரும் நிறைவாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சுப்பராயலு