பிரிக்காத உறை

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா சுகம், புது வாஷிங் மெஷின் சுகம், நான் சுகமா என்பதை மட்டும் இரண்டு டாக்டர்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.

எனக்கு மார்பில் ஆபரேஷன் ஆகி ஐந்து வருடமாகிறது இல்லையா, இரண்டு வருடம் முன்பு பெரிய டாக்டர், அதுதான் கேன்சர் டாக்டர், என் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, இனிமே உங்க குடும்ப டாக்டரே பாத்துப்பாரும்மா என்று ஒரு ஒட்டிய உறையைக் கொடுத்து அனுப்பினார். அதைப் பத்திரமாகக் கொண்டுபோய் நம் தெருமுனை டாக்டரிடம் கொடுத்தேன். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, பெரிய டாக்டர் பெயரைக் கேட்டாலே நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிடுவார். உறையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கி, பிரிக்காமலேயே என் ஃபைலில் வைத்துப் பின் அடித்துவிட்டார். அப்புறம் எப்போது போனாலும் பிரஷர் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், மார்புப் பேச்சை எடுத்தால் மட்டும், அய்யய்யோ அது பெரியவங்க சமாச்சாரம், அவங்க பாத்துப்பாங்க என்று கையைத் தூக்கிவிடுவார். வருடா வருடம் எடுக்க வேண்டிய மார்புப் படம், அதுதான் மேமோகிராம், இரண்டு தடவை எடுக்காமலே போயிற்று. இரண்டு பேர் பார்க்கிறார்களே என்று நானும் காலை நீட்டிக்கொண்டு சீரியல் பார்த்தேன்.

போன வாரம் குளிக்கும்போது அக்குளில் சின்னதாக ஏதோ கைக்குத் தட்டுப்பட்டது. தெருமுனை டாக்டரிடம் ஓடினேன். அவர் வழக்கம்போல் கையைத் தூக்க, நானே ஃபைலைப் பிடுங்கி உறையைக் கிழித்தேன். வருடந்தோறும் படம் எடுப்பது இனி தங்கள் பொறுப்பு என்று முதல் வரியிலேயே இருந்தது. மனுஷன் அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், உங்க டாக்டர் பாத்துட்டிருக்கார்னு எங்க ஃபைல்ல இருக்கே மேடம் என்று அங்கிருந்த பெண் என்னையே கேட்கிறாள். இப்போது இரண்டு டாக்டர்களும் தினம் போனில் பேசிக்கொள்கிறார்களாம், புதுச் சம்பந்திகள் மாதிரி அத்தனை மரியாதை.

இருபதாம் தேதி காலை பத்து மணிக்குப் படம். அப்பா கூட வருகிறார். இப்படிக் கிண்டலாக எழுதுகிறேனே தவிர எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நீயும் ஒன்றும் குறைச்சலில்லை. அம்மா செக்கப்புக்குப் போனாங்களா என்று அப்பாவிடம் கேட்பாய், அதெல்லாம் டாக்டருங்க பாத்துக்கறாங்க என்பார், போனை வைத்துவிடுவாய். இருபதாம் தேதி சாயங்காலம் அப்பாவிடம் கேட்காதே, என்னிடம் கேள்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள்.

இந்த உறையையாவது பிரித்துப் படிப்பாய் என்று நம்பும்,
அம்மா