ஓல்ஷினி கிராசிங்கில் முப்பது நாள்

செப்டம்பர் 14, வியாழன்

இன்று எங்கள் ஊர் கேட் இல்லாத ரயில்வே கிராசிங்கில் பழைய சிவப்பு விளக்குகளைக் கழற்றி இறக்கினோம், நானும் விடெக்கும். ரயில்வேயில் சிக்னல் வேலைக்கு இருவரும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள். ஏணி ஏறுவது மட்டும் எப்போதும் நான். அவனுக்கு முழங்கால் வலி. வாய்க்கு ஒரு வலியும் கிடையாது.

ஊர்க்காரர்கள் சிவப்பை மதிப்பதில்லை என்று மேலிடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். எப்படி மதிப்பார்கள்? சாயங்காலம் மாதா கோயிலிலிருந்து திரும்பும்போது வெயில் விளக்குக்குள் புகுந்து, அணைந்த விளக்கும் எரிகிற மாதிரி இருக்கும். கோயிலுக்குப் போகும்போது வெயில் முகத்தில் அடிக்க, எரிகிற விளக்கும் தெரியாது. பத்து வருஷம் பொய் சொன்ன விளக்கை யார் நம்புவார்கள்?

செப்டம்பர் 15, வெள்ளி

புது எல்.இ.டி. மாட்டியாகிவிட்டது. முதல் ஒரு மணி நேரம் மானம் போயிற்று. இவை குடிக்கும் மின்சாரம் கொஞ்சம்தான். பல்பு ஃப்யூஸ் போயிற்று என்று நினைத்துக்கொண்டு பழைய கண்காணிப்புப் பெட்டி கத்தித் தீர்த்தது. பெட்டியையும் மாற்றினோம். அப்புறம் எரிந்தது பாருங்கள் – நானூறு மீட்டர் தள்ளி நின்றும் கண்ணைப் பறித்தது. எனக்குக் கை தட்டத் தோன்றியது. தட்டினேன்.

கம்பத்தில் கேமரா வைத்திருக்கிறார்கள். இன்றிலிருந்து முப்பது நாளில் ஒரே ஒரு வண்டி சிவப்பைத் தாண்டினாலும் சாலையை மூடிவிடுவார்களாம். மூடினால் கோயிலுக்கும் ஆப்பிள் மண்டிக்கும் பதினோரு கிலோமீட்டர் சுற்ற வேண்டும், அதுவும் அறுவடை நேரத்தில்.

செப்டம்பர் 17, ஞாயிறு

ஊரில் யாரைப் பற்றியும் எனக்குப் பயமில்லை. என் கூடப்பிறந்த அண்ணன் செனோனைத் தவிர. போய்ச் சொன்னேன், கெஞ்சினேன். ஆப்பிள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே சொன்னான்: "இருபத்தஞ்சு வருஷமா காதை வெச்சுத்தான் தாண்டுறேன். எனக்கெதுக்குடி விளக்கு?"

கோபத்தில் சாக்பீஸை எடுத்து, ஆறு ரயில்களின் நேரத்தையும் அவன் டிராக்டர் மட்கார்டிலேயே எழுதிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 26

பன்னிரண்டாவது நாள். ஒருவரும் தாண்டவில்லை.

அக்டோபர் 5

இருபத்தோராவது நாள். மழை. விளக்கு மழையிலும் பளிச்சென்று இருக்கிறது. அண்ணன் ரயில் நேரம் பார்த்துத்தான் வருகிறானாம், விடெக் சொன்னான். அப்படியென்றால் அவன் இன்னும் ஒரு தடவைகூடச் சிவப்பைப் பார்க்கவே இல்லை. இது நல்லதா கெட்டதா?

அக்டோபர் 13, வெள்ளி

நாளை கிங்காவின் கல்யாணம். அண்ணன் மகள், நான் தூக்கி வளர்த்த பெண். நாளைதான் முப்பதாவது நாளும். ஊர்வலம் தண்டவாளத்தைத் தாண்டித்தான் கோயிலுக்குப் போக வேண்டும். நாலேகாலுக்குக் கிளம்பினால் நாலு ஐம்பது ரயிலுக்கு முன்னால் நிம்மதியாகத் தாண்டிவிடலாம்.

அக்டோபர் 15, ஞாயிறு

கால் வீங்கிக் கிடக்கிறது, அவ்வளவு ஆட்டம். ஆனால் இதை எழுதாமல் தூங்க முடியாது.

நாலேகாலுக்கு யார் கிளம்பினார்கள்! வீட்டில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் மண்டியிட வைத்து ஆசீர்வாதம் செய்யும்போது அண்ணன் அழ ஆரம்பித்தான். வாயைத் திறந்தால் அழுகை, மூடினால் அழுகை. அதிலேயே கால் மணி போயிற்று. அப்புறம் வழியெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் வழக்கம்போலக் குறுக்கே கயிறு கட்டி மறித்து, வோட்கா வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். மூன்று இடம், ஆறு பாட்டில்.

முதல் காரை அண்ணனே ஓட்டினான், பின்னால் கிங்காவும் மாப்பிள்ளையும். இரண்டாவது காரில் நான். பதினான்கு கார். அவன் காரில் பாட்டு அலறுகிறது. எதிரே வெயில். மணியைப் பார்த்தேன் – நாலு நாற்பத்தொன்பது. ஐயோ, பாட்டு போட்டிருக்கானே, காதும் கேக்காதே. போனைப் போட்டேன், எடுக்கல. கடவுளே, கிங்கா உள்ள இருக்காளே...

சிவப்பு மின்ன ஆரம்பித்தது. அண்ணன் கார் நின்றது.

நின்றது மட்டுமா? கையில் பாட்டிலோடு இறங்கினான். கம்பத்தைப் பார்த்து உரக்கக் கேட்டான்: "டேய் விடெக், எத்தன பாட்டில் குடுத்தா விடுவீங்க?"

கம்பத்தடியில் ஒருவரும் இல்லை. கிங்கா தலையை வெளியே நீட்டி, யாரிடம் பேசுகிறாய் என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நாலு ஐம்பது ரயில் அவன் மூக்குக்கு முன்னால் போயிற்று. மணப்பெண் காரைப் பார்த்த டிரைவர் நீளமாக ஹாரன் வேறு அடித்தார்.

அண்ணன் அப்படியே நின்றான். அப்புறம் என் காருக்கு வந்து பாட்டிலை என் மடியில் வைத்தான். "ரயில்வேக்காரங்க நீங்கதான் மறிக்கிறீங்கன்னு நெனச்சேன் ரெனாட்டா. ரயில் சத்தம் கேக்கவே இல்ல. வெயில்ல ரோடே தெரியல. உன் விளக்கு மட்டும்தான் தெரிஞ்சுது."

என் பட்டுச் சட்டை நனைய அழுது தொலைத்தேன். பின்னால் பன்னிரண்டு காரும் எங்களைப் பார்த்து ஹாரன் அடித்தன. அவன் பாட்டிலை நான் திருப்பித் தரவில்லை. மறித்தது என் விளக்கு, அது எனக்குத்தான் சேர வேண்டும்.

அக்டோபர் 27, வெள்ளி

கடிதம் வந்துவிட்டது. முப்பது நாளில் சிவப்பைத் தாண்டிய வண்டி ஒன்றுமில்லை. சாலை திறந்தே இருக்கும். கீழே ஒரு குறிப்பு: பதினான்காம் தேதி ஒருவர் மதுப்புட்டியுடன் இறங்கிக் கம்பத்தோடு உரையாடியதன் காரணம் விளங்கவில்லை. விடெக் அதைச் சத்தமாகப் படித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

நவம்பர் 6, திங்கள்

ஆபீஸில் புது வேன் கொடுத்திருக்கிறார்கள். மத்தியானம் கிராசிங்கில் சிவப்பு. முன்னால் அண்ணனின் டிராக்டர், எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். ரயில் போயிற்று, சிவப்பு இன்னும் அணையவில்லை. சும்மா சீண்டிப் பார்க்க ஹாரனை அழுத்தினேன்.

இறங்கி வந்தான். யாரென்றுகூடப் பார்க்காமல் வேன் கதவில் படபடவென்று தட்டினான். "சிவப்பு எரியுது, கண்ணு தெரியல? அப்படி என்ன தலைபோற அவசரம் உனக்கு?"

கண்ணாடியை இறக்கி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.