தொடாத கண்ணாடியிலும் அதே திட்டுகள்

இன்று காலை மிச்ச ரப்பர்பால் இருந்த புட்டியைக் கழுவத் திறந்தேன். அமோனியா நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் கட்டியது. நீ இதற்கு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "எனக்க வீட்டு மணம்ட்டி இது" என்பாய். அருமனையில் உன் வீட்டைச் சுற்றி ரப்பர்; குழித்துறையில் எங்களுக்கும் நாலு மூடு மரம் உண்டு. ஆராய்ச்சிக்கும் நாம் ரப்பரையே எடுத்ததில் இரண்டு வீட்டிலும் ஒரே சிரிப்பு.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது.

உன் ஆய்வேட்டின் கடைசி இயல். ரப்பர்ப் படலத்தின் மேற்பரப்பில் நடுநடுவே மென்மையான திட்டுகள் இருக்கின்றன என்று கண்டாய். அணுவிசை நுண்ணோக்கியின் ஊசிமுனை படலத்தைத் தட்டித் தட்டிப் போகும். மென்மையான இடம் வந்தால் அதன் துடிப்பு மாறி, திரையில் கறுப்பாகத் தெரியும். இன்னொரு முறையும் அது வந்தால்தான் எழுதலாம் என்றார் நம் வழிகாட்டி. அந்த வாரம் பார்த்து உனக்குக் காய்ச்சல். திருவனந்தபுரத்தில் கருவிக்கு நாள் குறித்தாயிற்று; விட்டால் இன்னும் ஒரு மாதம். "நீ செஞ்சு கொண்டு போ மக்கா, எதுக்குப் பேடிக்க?" என்றாய்.

கண்ணாடித் துண்டில் பாலை ஊற்றிக் காயவைத்தேன். வெள்ளை போய்த் தெளிந்ததும் என் கட்டைவிரல் தானாகப் போய் அழுத்திவிட்டது. கொடியில் தொங்கும் ரப்பர் ஷீட் காய்ந்ததா என்று வீட்டில் பார்ப்போமே, அதே அழுத்தல். தலையில் தேய்த்த தேங்காயெண்ணெய் கையில் இருந்திருக்கும். வேறொன்று செய்ய நேரமில்லை, பஸ் ஏறினேன். திரையில் கறுப்புத் திட்டுகள் வந்தன; எண்ணெய் பட்ட இடமும் இப்படித்தான் மென்மையாகத் தெரியுமோ என்று சந்தேகம். திரும்பும் பஸ்ஸிலிருந்து போனில் சொன்னதும் நீ துள்ளினாய்.

"நான் அப்பமே சொன்னேன்லா! எதுக்குட்டி மிண்டாம இருக்க?"

பஸ் சத்தத்தில் கேட்கவில்லை என்று புளுகினேன்.

பட்டம் வாங்கினாய். போன வருடம் நோயில் போயும் விட்டாய். உன் வீட்டு முற்றத்தில் எல்லோரும் உன் படிப்பைச் சொல்லிச் சொல்லி அழுதபோது, அந்தப் படிப்பில் ஒரு பங்கு என் கையெண்ணெயோ என்று எண்ணி நான் கூட்டத்தின் பின்னால் ஒதுங்கி நின்றேன். சோதித்துப் பார்க்கவும் தைரியம் இல்லை.

போன மாதம் ஓர் ஆய்வாளர் எழுதிக் கேட்டார்: அந்த இயலை நம்பி மேலே போகலாமா? அதற்கு மேல் ஒளிய முடியவில்லை. ஒரே புட்டிப் பாலில் இரண்டு படலம் செய்தேன். ஒன்றை வேண்டுமென்றே அழுத்தினேன். மற்றதன் பக்கமே விரலைக் கொண்டுபோகவில்லை. நேற்று இரண்டையும் கருவியில் வைத்தோம். அழுத்தியதில் எண்ணெய் ஊசிமுனையில் ஒட்டி இழுபட்டு, படமே கலங்கிப்போயிற்று. தொடாததில் உன் திட்டுகள், அதே அளவில், அதே நெருக்கத்தில். அன்று எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் இழுபட்ட தடமே இல்லை. என் விரல் பட்ட இடத்துக்கு ஊசிமுனை அன்று போகவே இல்லை.

அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். கருவியைப் பார்த்துக்கொள்கிற சேச்சி பதறிப்போய், "சாம்பிள் போயோ?" என்றார்.

"இல்ல சேச்சி, சரியா வந்திருக்கு."

ஆய்வாளருக்கு இன்று பதில் எழுதினேன். நான் விரல் வைத்ததையும் மறைக்கவில்லை. நம்பலாம் என்று முடித்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு மூச்சு நிறைய வருகிறது. உன் ஆய்வேட்டை இனி நடுங்காமல் எடுத்துப் புரட்டுவேன். ஆனால் ஊரெல்லாம் நம்பிய உன் கண்டுபிடிப்பை, நீ உயிரோடு இருந்தவரை, உன் தோழி நான் ஒருத்திதான் நம்பவில்லை.